குடிமதிப்பு காலத்துக் கிறிஸ்துமஸ்

போடிநாயக்கனூரில் டிசம்பர் என்பது ஏலக்காய் எடுப்பு ஓயாத மாதம். பொழுது விடியுமுன் ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியும் தலையில் சுற்றிய துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். முந்தல் தாண்டி, போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத் தோட்டங்களுக்குப் போய், இருட்டும் வேளையில் இறங்கி வருவார்கள். இறங்கி வரும் பாதையில் இப்போது ஊர்களின் விளக்குகளோடு காகித நட்சத்திரங்களும் தெரிகின்றன.

அந்த நட்சத்திரங்களில் பல, காலனித் தெருக்களில் தொங்குகின்றன. ராத்திரி 8 மணிக்கு மேல் கேரல் குழு வருகிறது. டிரம்மும் கீபோர்டுமாக வீட்டு வாசலில் இரண்டு பாட்டுப் பாடி, ஆயர் ஜெபம் சொல்லி, வீட்டார் கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்கிறார்கள். பகலெல்லாம் மலையில் காய் எடுத்த பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். 25ஆம் தேதி அதிகாலை ஆராதனைக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும், சபைக்குக் காணிக்கை தர வேண்டும் என்ற கணக்கு அவர் மனதில் ஓடுகிறது.

இந்த வீடுகளில் பலவற்றில் இன்னொரு கணக்கும் உண்டு. அதை யாரும் வெளியே பேசுவதில்லை. சபைப் பதிவேட்டில் இருப்பது ஒரு பெயர். பள்ளிச் சான்றிலும் சாதிச் சான்றிலும் இருப்பது வேறு பெயர். ஞானஸ்நானம் பெறும்போது வைத்த பெயரை வீட்டில் கூப்பிடுகிறார்கள். தாசில்தார் அலுவலகத்தில் தாத்தா வைத்த பெயர் பேசுகிறது. மகன் கல்லூரியில் சேர்ந்த பிறகு, மகள் வேலைக்கு விண்ணப்பித்த பிறகு, இந்த இரண்டு தாள்களும் ஒரே மேசைக்கு வந்துவிடுமோ என்ற பயம் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பயம் வீணானது அல்ல என்பதை, போடி மலைக்கு நேர் மேலே இருக்கும் ஒரு சிறிய தேவாலயத்தின் பதிவேடு நாட்டுக்கே காட்டிவிட்டது.

குண்டலையிலிருந்து டெல்லி வரை

குண்டலை எஸ்டேட் கேரளத்தில் இருந்தாலும் போடிக்காரர்களுக்கு அந்நிய ஊர் கிடையாது. ஆங்கிலேயர் காலத்தில் மூணாறின் தேயிலை வெளியே போன வழியே நம் ஊர் வழிதான். 1902இல் மூணாறிலிருந்து குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908இல் அது சிறு ரயில் பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து வண்டிகளில் போடிக்கு வந்தன. 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. தேயிலை இறங்கிய அதே மலைச்சரிவில்தான் ஆட்கள் ஏறினார்கள். கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துச் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக அழைத்துப் போய் லயங்களில் குடிவைத்தார்கள்.

அப்படிப் போன குடும்பம் ஒன்றின் பேரன் ஆ.ராஜா. 2021இல் பட்டியல் சாதியினருக்கான தேவிகுளம் தனித்தொகுதியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் போட்டியிட்டு, காங்கிரஸ் வேட்பாளர் டி.குமாரை 7,848 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். கேரளச் சட்டப்பேரவையில் தமிழில் பதவியேற்றுக்கொண்டார். அவர் கிறித்தவர், எனவே தனித்தொகுதியில் நிற்கத் தகுதியற்றவர் என்று குமார் வழக்குத் தொடுத்தார்.

2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம் ராஜாவின் தேர்தலைச் செல்லாது என்று அறிவித்தது. அந்த வழக்கில் முக்கியச் சாட்சியாக நின்றவை குண்டலை சி.எஸ்.ஐ. தேவாலயத்தின் பழைய நோட்டுகள். ஞானஸ்நானப் பதிவேடு, குடும்பப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று ஒவ்வொன்றாக நீதிமன்றத்துக்குப் போயின. எந்தப் பக்கத்தில் எந்தப் பெயர், எங்கே அடித்தல், எங்கே திருத்தல் என்று வரி வரியாகப் பார்க்கப்பட்டன. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதுகூட விவாதமானது.

2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, ராஜாவின் தேர்தல் செல்லும் என்றது. ஒரு தொகுதியின் வழக்கு முடிந்தது. ஆனால் குண்டலையிலும், பூப்பாறையிலும், போடியிலும், தேவாரத்திலும், கம்பத்திலும் இருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கேள்வி முடியவில்லை. சட்டமன்ற உறுப்பினருக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வழக்கறிஞர்களும் கட்சியும் இருந்தன. காய் எடுக்கும் பெண்ணின் மகளுக்கு என்ன இருக்கிறது?

இரண்டு கேள்விகள்

மலையில் இருக்கும் தமிழ் தலித் ஒருவர் சாதிச் சான்று கேட்டால் அவரிடம் இரண்டு கேள்விகள் வருகின்றன. முதல் கேள்வி: உங்கள் முன்னோர் எந்த ஆண்டு மலை ஏறினார்கள்? ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்தில் குடியேறினால் அந்தத் தகுதி அவரோடு கூட வராது என்பது 1990இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய சட்ட நிலை. அதனால் 1950க்கு முன்பே தாத்தா அந்த எஸ்டேட்டில் இருந்தார் என்று காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர் எந்த நாளில் கங்காணியின் பின்னால் மலை ஏறினார் என்பதற்குப் பேரன் காகிதம் தேடுகிறான். எஸ்டேட் செக்ரோல், பழைய பள்ளிப் பதிவு, அதுவும் இல்லையென்றால் தேவாலய நோட்டு.

இரண்டாவது கேள்வி மலைக்கு மேலும் கீழும் ஒன்றுதான்: உங்கள் மதம் என்ன?

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைப் பின்பற்றாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார்கள் என்றது. 1956இல் சீக்கியர்களும், 1990இல் பௌத்தர்களும் அந்தப் பத்தியில் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். தலித் கிறித்தவ அமைப்புகள் ஆகஸ்ட் 10ஐக் கருப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டில் கிறித்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். கல்வி உதவித்தொகை போன்ற சிலவற்றை மாநில அரசு தன் நிதியிலிருந்து தருகிறது. அதற்கு மேல் கதவு மூடியிருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய வார்டில் அவர் நிற்க முடியாது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தனித்தொகுதிகளிலும் முடியாது. மத்திய அரசு வேலையில் பட்டியல் சாதி இடஒதுக்கீடு கிடையாது. சாதியைச் சொல்லித் திட்டி அடித்தால்கூட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குத் துணை வராது. போதகராக இருந்த ஒருவர் தொடுத்த அப்படியொரு வழக்கில், அந்தச் சட்டத்தின் பாதுகாப்பை அவர் கோர முடியாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2025இல்தான் சொன்னது. அடிப்பவனுக்கு அவர் பறையர் என்றோ பள்ளர் என்றோ சக்கிலியர் என்றோ நன்றாகத் தெரிகிறது. சட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை.

ஒரே மனிதர், இரண்டு தீர்ப்புகள்

ராஜாவின் வழக்கு முதல் வழக்கு அல்ல. கோலார் தங்கவயலிலும் தமிழ்த் தொழிலாளர்கள்தான் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். அங்கே தனித்தொகுதியில் 1967இல் வென்றவர் எஸ்.ராஜகோபால். 1949இல் கிறித்தவராகி, பின்னர் இந்து மதத்துக்குத் திரும்பியதாகச் சொன்னவர். அவர் மீண்டும் ஆதிதிராவிடர் ஆனதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்தத் தேர்தல் செல்லாமல் போனது. உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 1972இல் அவர் மறுபடியும் வென்றார். மறுபடியும் வழக்கு. 1975 டிசம்பரில் வந்த தீர்ப்பில், திரும்பி வந்தவரைச் சாதியார் ஏற்றுக்கொண்டால் அவர் பழைய சாதியின் உறுப்பினர் ஆகிறார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ராஜகோபாலின் வெற்றி நின்றது. அதே மனிதர், அதே ஊர், அதே சாதி. ஒரு முறை ஆதிதிராவிடர் இல்லை, மறு முறை ஆதிதிராவிடர்.

சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசையின் வழக்கு இதைவிட எளிமையானது, இதைவிட வலிப்பது. செருப்புத் தைக்கும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகச் சிறு கடைகள் கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்த இந்துத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது. ஆதிதிராவிடராக இருந்து கிறித்தவரான சூசைக்குக் கிடைக்கவில்லை. அதே தோல், அதே ஊசி, அதே நடைபாதை. உச்ச நீதிமன்றம் 1985இல் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் முக்கியமானது.

அந்த வார்த்தையை நாம் மறக்கக் கூடாது: ஆதாரம். 40 ஆண்டுகளாகக் கேட்கப்படுவது அதுதான். 2007இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியை நீக்கிவிடலாம் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நிற்கிறது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைந்தது. இரண்டு ஆண்டு அவகாசம் போதாமல் காலம் நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரல் 19 அன்று தலித் கிறித்தவர்களையும் பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இதற்கிடையில், 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பேசியது: உள்ளத்தில் நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பை ஏமாற்றுவதாகும் என்று. அங்கேயும் எதிர்ச்சாட்சியாக நின்றது, குழந்தையாக இருந்தபோது எழுதப்பட்ட ஞானஸ்நானப் பதிவு.

கைக்குழந்தையாக ஆயர் கையில் இருந்தபோது எழுதிய ஒரு வரி, 25 ஆண்டு கழித்து வேலைக்கான நேர்காணலில் எதிரே வந்து நிற்கிறது.

திருச்சபை எங்கே நிற்கிறது?

சட்டத்தைப் பேசிவிட்டுச் சபையைப் பேசாமல் விட்டால் அது நியாயமாகாது.

நம் பகுதிச் சி.எஸ்.ஐ. சபைகளுக்கு இரண்டு வேர்கள் உண்டு. கீழே, மதுரை, பெரியகுளம், கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் 1834 முதல் வேலை செய்தது அமெரிக்கன் மதுரை மிஷன். மேலே, மூணாறுப் பக்கம், தோட்ட துரைமார்களோடு ஏறியது ஆங்கிலிக்கன் சபை. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது மேலும் கீழும் ஒரே குடையின் கீழ் வந்தன.

சாதியைப் பற்றி இரண்டு சபைகளுமே ஆரம்பத்தில் கடுமையாகப் பேசின. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முழுமையாகக் கைவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். உட்காரும் இடமும் திருவிருந்துக் கிண்ணமும் எல்லாருக்கும் ஒன்று என்றார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதை ஏற்காமல் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். 1847இல் அமெரிக்கன் மதுரை மிஷன், எல்லாச் சாதியாரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடாதவர் சபையில் இருக்க முடியாது என்று நிபந்தனை போட்டது. மறுத்த உபதேசியார்கள் பலரையே நீக்கியது. கஞ்சியை ஒன்றாகக் குடிக்கிறாயா என்பதே அன்றைக்கு விசுவாசத்தின் பரீட்சை.

அப்புறம் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். கிண்ணம் ஒன்றானது, கல்யாணம் ஒன்றாகவில்லை. தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் தனித்தனிக் கல்லறைகளுக்காகப் போராட்டம் நடந்திருக்கிறது; திருச்சியில் கல்லறைக்குள் சாதிச்சுவர் நின்றது. இறையூரில் 2008இல் கத்தோலிக்கரான தலித்துகளுக்கும் வன்னியர்களுக்கும் நடந்த மோதலில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். சி.எஸ்.ஐ. தேர்தல்களில் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று கணக்குப் போடுவது ஊரறிந்த ரகசியம். சபைக்குள் சாதி இல்லை என்று சொல்லிக்கொண்டே அதை வளர்க்கும் சபையார்தான், தலித் கிறித்தவர் உரிமைக்கான வழக்கில் எதிர்த்தரப்புக்கு வேலையை எளிதாக்குகிறார்கள். ஆலயத்தில் சாதி இல்லை என்று மேடையில் முழங்கினால், பிறகு எதற்கு இடஒதுக்கீடு என்று அரசு கேட்கத்தானே செய்யும்? இருப்பதை இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதுதான் முதல் நேர்மை.

மூணாறில் குன்றின் மேல் நிற்கும் சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் கதையைக் கேட்டிருப்பார்கள். அங்கே ஆலயத்துக்கு முன்பே கல்லறை வந்தது. 1894இல் காலராவில் இறந்த எலினார் இசபெல் மே என்ற இளம்பெண்ணை, தோட்ட மேலாளரின் மனைவியை, அந்தக் குன்றில் அடக்கம் செய்தார்கள். 1910இல் அடிக்கல் நாட்டி 1911இல் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்கள். உள்ளே சுவரில் துரைமார்களின் பெயர்கள் பித்தளைத் தகடுகளில் இருக்கின்றன. அதே காலராவில், அதே மலையில், காடு வெட்டித் தேயிலை நட்ட கூலிகள் எத்தனை பேர் இறந்தார்கள், எங்கே புதைந்தார்கள் என்பதற்கு எந்தச் சுவரிலும் தகடு இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அதே ஆலயத்தில் தமிழில் ஆராதனை செய்கிறார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்க்கார் கணக்கில் வெறும் தலைகளாகவும் எஸ்டேட் கணக்கில் வெறும் நம்பர்களாகவும் இருந்த மக்களின் முழுப்பெயரை, தகப்பன் பெயரை, பிறந்த நாளை மை தொட்டு எழுதி வைத்தவை பெரும்பாலும் சபைப் பதிவேடுகள்தான். ஏடு தொடக்கூடாது என்று விலக்கப்பட்டவர்களின் பெயர் ஏட்டில் ஏறியது அங்கேதான். பல குடும்பங்களுக்குத் தாத்தா பெயருக்கான ஒரே எழுத்துச் சான்று அது. அந்த ஏடே இன்று பேரனுக்கு எதிராகத் திரும்புகிறது என்றால், குற்றம் ஏட்டில் இல்லை. சாதியை மதத்தோடு கட்டிப்போட்ட மூன்றாவது பத்தியில் இருக்கிறது.

நம்பிக்கை தருகிறவர்களும் சபைக்குள்ளேயே இருந்தார்கள். மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த ஜே.தியோபிலஸ் அப்பாவு, சேரியின் பறையையும் பேச்சு மொழியையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட தோல் கருவி பீடத்துக்கு அருகில் ஒலித்தது. அந்தக் கல்லூரியில் படித்த ஆயர்கள் நம் பக்கத்துச் சபைகளுக்கும் வருகிறார்கள். நவம்பர் மாத இரண்டாம் ஞாயிறைத் தலித் விடுதலை ஞாயிறாக ஆசரிக்கும் வழக்கமும் இருக்கிறது. அது ஒரு ஞாயிறோடு நின்றுவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

பெத்லகேமில் நடந்தது என்ன?

கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஆண்டுதோறும் வாசிக்கப்படும் பகுதி லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம். அது எப்படித் தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறோமா? நட்சத்திரத்தில் தொடங்கவில்லை, தேவதூதரில் தொடங்கவில்லை. ரோம அரசன் போட்ட ஓர் உத்தரவில் தொடங்குகிறது. குடிமதிப்பு. நாட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுத வேண்டும். அவரவர் தம் முன்னோரின் ஊருக்குப் போய்ப் பதிய வேண்டும். யோசேப்பு என்ற தச்சர், நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளைக் கூட்டிக்கொண்டு, பிழைக்கப் போன நாசரேத்திலிருந்து பூர்வீக ஊரான பெத்லகேமுக்கு நடக்கிறார். அங்கே தங்க இடமில்லை. அந்த நெருக்கடியில்தான் குழந்தை பிறக்கிறது.

பூர்வீக ஊருக்குப் போய்த் தாத்தா பெயரைக் காட்டச் சொல்லும் அரசை நம் எஸ்டேட் சனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறந்த செய்தி முதலில் போய்ச் சேர்ந்ததும், ராத்திரி முழுக்க வெளியில் ஆடு காத்துக் கிடந்த மேய்ப்பர்களுக்கு. ஊருக்குள் மதிப்பில்லாத வேலை செய்தவர்கள் அவர்கள். மலை ஏறி இறங்கிக் களைத்த பெண் காலனி வாசலில் நின்று கேரல் கேட்கும்போது, இந்தக் கதை அவருக்குத் தூரத்துக் கதை இல்லை.

இப்போது நம் நாட்டிலும் ஒரு குடிமதிப்பு வருகிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதில் சாதியும் கணக்கெடுக்கப்படும் என்று மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரல் 30 அன்று முடிவெடுத்தது. எல்லாச் சாதிகளின் கணக்கும் முழுமையாகக் கடைசியாக வெளியானது 1931இல். அதன்பிறகு பட்டியல் சாதி, பழங்குடியினர் கணக்கு மட்டும் எடுத்தார்கள். அதிலும் இந்து, சீக்கியர், பௌத்தர் என்று சொன்னவர் மட்டுமே பட்டியல் சாதிக் கணக்கில் வந்தார். கிறித்தவர் என்று சொன்ன தலித், கிறித்தவர் கணக்கில் சேர்ந்தார்; தலித் கணக்கிலிருந்து காணாமல் போனார்.

சூசை வழக்கில் 1985இல் நீதிமன்றம் கேட்ட ஆதாரம் ஏன் இன்னும் முழுமையாக இல்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. எண்ணாத மக்களின் வறுமைக்கும் படிப்பின்மைக்கும் புள்ளிவிவரம் எங்கிருந்து வரும்?

பயப்படாமல் சொல்லலாம்

கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வரும்போது கிறித்தவர் என்றும் சொல்வோமா, ஆதிதிராவிடர் என்றும் சொல்வோமா? உண்மையைச் சொன்னால் பிள்ளையின் சான்றிதழ் போய்விடுமோ என்ற நடுக்கம் பல வீடுகளில் வரும். அதற்காகவே ஒரு சட்ட விவரத்தை இங்கே அழுத்திச் சொல்கிறோம். 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, கணக்கெடுப்பில் தனிநபர் சொன்ன விவரத்தை யாரும் எடுத்துப் பார்க்க உரிமை கிடையாது. அந்தச் சட்டத்தின் கீழ் தொடுக்கும் வழக்கைத் தவிர வேறு எந்த வழக்கிலும் அதைச் சாட்சியமாகக் காட்ட முடியாது. சபைப் பதிவேடு நீதிமன்றப் படி ஏறும். குடிமதிப்புப் படிவம் ஏறாது. ஆகவே, மதத்தையும் சொல்லலாம், சாதியையும் சொல்லலாம். இரண்டும் உண்மை என்றால் இரண்டையும் சொல்வதுதான் வழி.

திருச்சபைகளுக்கு இதில் பெரிய வேலை இருக்கிறது. கிறித்தவருக்குச் சாதி இல்லை என்று பக்திப் பெருமையோடு பதில் சொல்லச் சொல்கிற பிரசங்கம் இந்தக் காலத்தில் ஏழைச் சபையாரின் தலையில் விழும் அடி. கிறித்தவர்களின் சாதி விவரம் எந்தத் தலைப்பில் தொகுக்கப்படும், தலித் கிறித்தவர் எண்ணிக்கை தனியாக வெளியாகுமா என்று மதுரை - இராமநாதபுரம் திருமண்டலமும், மலைக்கு மேலே இருக்கும் கேரளப் பேராயமும் சேர்ந்து அரசைக் கேட்க வேண்டும். கீழே ஒரு மாநிலம், மேலே ஒரு மாநிலம், சனம் ஒன்று. போடியில் அம்மா, பூப்பாறையில் மகள் என்று வாழும் குடும்பங்களுக்காக இரண்டு பேராயங்களும் ஒரே மேசையில் உட்காருவது நியாயமான எதிர்பார்ப்பு.

பதிவேடுகளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கரையான் அரித்துக் கிடக்கும் பழைய சபை ஏடுகள், 1950க்கு முன் யார் எங்கே இருந்தார்கள் என்பதற்கான அரிய சான்றுகள். அவற்றை ஒழுங்காகப் படம் எடுத்துப் பாதுகாத்தால், மலையில் குடியேறிய ஆண்டை நிரூபிக்க முடியாமல் தவிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு, இந்துவாக இருப்பவர்களுக்கும் கூட, ஓர் ஆண்டின் சாட்சியம் கிடைக்கலாம். அதே நேரம், யார் கேட்டாலும் கொடுக்கிற, பிறகு அடித்துத் திருத்துகிற பழக்கம் ஒழிய வேண்டும். திருத்திய ஏடு யாரையும் காப்பாற்றாது. அது நம் மக்களின் நேர்மையைத்தான் சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

தலித் கிறித்தவர் கோரிக்கையைக் கேட்கும்போது இந்து தலித் சகோதரர்கள் சிலருக்கு ஓர் அச்சம் வருவது உண்மை. இருக்கும் பங்கு குறையுமே என்ற அச்சம். அதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. சேரும் மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீட்டின் அளவும் கூட வேண்டும் என்று இரு தரப்பும் சேர்ந்து கேட்பதே இதற்குச் சரியான பதில். அந்தக் கூடுதலைக் கேட்பதற்கும் எண்ணிக்கை வேண்டும்.

டிசம்பர் 25 நமக்குப் பல நினைவுகளின் நாள். 1927இல் அதே நாளில் மகாட்டில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1968இல் அதே நாள் இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அந்த 44 பேரின் பெயரும் நினைவிடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கூலி உயர்வு கேட்ட மக்களின் பெயர்கள் அவை. எழுதி வைத்ததால்தான் இன்றும் வாசிக்கிறோம்.

25ஆம் தேதி அதிகாலை ஆராதனை முடிந்ததும் போடியில் கேக்கும் பிரியாணியும் பரிமாறுவார்கள். மறுநாள் காலையில் ஜீப்புகள் மறுபடி முந்தல் பக்கம் கிளம்பும். அதற்கு முன், ஆலய வாசலில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, வரப்போகும் குடிமதிப்பைப் பற்றியும் அதில் என்ன சொல்வது என்பதைப் பற்றியும் ஆயர்கள் தம் சபையாரோடு பேசினால் நல்லது. லூக்கா எழுதிய கதைக்கு அதைவிடப் பொருத்தமான பிரசங்கம் இந்த ஆண்டு இருக்க முடியாது.